முடிவை ஏத்துக்கிறதுன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறதா? (கோயில், காலச்சக்கரம், நம்ம பர்மா சனம்)

பெகு பாலன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு அம்மன் கோயில்ல கும்பாபிசேகம் ஆகி பன்னெண்டு வருசம் தாண்டிப் போச்சு. கோபுரத்து சுதை பொம்மைங்க கை கால் ஒடிஞ்சு நிக்குது, கருவறையில செல அசையாம இருக்க அம்மன் பீடத்தச் சுத்தி வச்ச மருந்து வெடிச்சு உதிர்ந்து அபிசேகத் தண்ணி உள்ள எறங்குது. இத பேசத்தான் ஊர்க் கூட்டம் போட்டோம். அதுல ஒரு பெரியவரு எந்திரிச்சு, "தோன்றினது எல்லாம் மறையும்ப்பா, இது கலிகாலம், நம்ம சனம் இந்த மண்ணுக்கு வந்ததும் காலம்தான் போறதும் காலம்தான், இருக்கறது பத்து இருபது வீடு, இதுக்கு எதுக்கு இவ்ளோ செலவு, அம்மா இஷ்டம்னு விட்டுடு"ன்னாரு. பாதிக் கூட்டம் தலைய ஆட்டுச்சு. அவர தப்பு சொல்ல வரல, அவரு வயசுக்கு அவரு பாத்த பிரிவு கொஞ்ச நஞ்சமில்ல. வாலிபப் பசங்க ஊர்ல இல்லங்கறதும் உண்மதான், 2021ல ராணுவம் ஆட்சியப் புடிச்சதுக்கு அப்புறம் ஒவ்வொருத்தரா கெளம்பினாங்க, 2024ல கட்டாய ராணுவச் சட்டத்த அமலுக்குக் கொண்டு வந்ததும் மிச்சம் இருந்தவங்களும் தாய்லாந்து மலேசியான்னு போயிட்டாங்க. தேர் இழுக்க ஆள் இல்ல.

ஆனா எனக்கு அந்தப் பேச்சு உறுத்திக்கிட்டே இருக்கு. நம்ம சமயம் முடிவ ஏத்துக்கச் சொல்லுது, சரி. அதுக்காக கைய விட்டுடச் சொல்லுதா? படிச்சவங்க, கோயில் காரியம் தெரிஞ்சவங்க கொஞ்சம் விளக்கமா பேசுங்க.

சிரியம் தம்பி:

பாலாண்ணே நான் பெரியவர் பக்கம்தான். நம்ம சரித்திரத்தையே பாருங்க. ஒரு காலத்துல ரங்கூன் டவுன்ல பாதிக்கு மேல இந்தியாக்காரங்க, ஐராவதி டெல்டா வயக்காட்டுல செட்டியாருங்க கையில எவ்ளோ நெலம், 1941 டிசம்பர்ல ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பிச்சதும் லட்சக்கணக்கான பேரு நடையா நடந்து காட்டு வழியா போனாங்க, வழியிலயே செத்தவங்களுக்கு கணக்கே இல்ல. மிச்சம் இருந்தவங்க கடை கண்ணியெல்லாம் 1964ல அரசுடைமை ஆச்சு, கப்பல் கப்பலா மெட்ராஸ் போனாங்க. வந்தது மாதிரியே வடிஞ்சும் போச்சு. இத ஏத்துக்கிட்டாதான் மனசு நிம்மதி, இல்லன்னா தெனம் தெனம் அழுதுகிட்டே இருக்கணும். கீதையிலயே பொறந்தவன் சாகறது நிச்சயம்னு சொல்லியிருக்கு. ஒரு கோயிலுக்கும் ஆயுசு உண்டு, ஒரு சமுதாயத்துக்கும் ஆயுசு உண்டு.

மோல்மேன் மாமா:

தம்பி நீங்க சொன்ன கீதை வரி ரெண்டாம் அத்தியாயத்துல 27வது சுலோகம். பொறந்தவனுக்கு சாவு நிச்சயம், செத்தவனுக்குப் பொறப்பு நிச்சயம், தவிர்க்க முடியாததுக்கு வருத்தப்படாதன்னு கண்ணன் சொல்றாரு. நல்லது. ஆனா அத யாருக்கு எப்ப சொல்றாருன்னு பாக்கணும் இல்லையா, வில்லக் கீழ போட்டுட்டு தேர்த்தட்டுல உக்காந்துட்ட ஒருத்தன எழுப்பி நிக்க வைக்கறதுக்காகச் சொல்றாரு. பத்து சுலோகம் தள்ளி 37லயே "ஆகையால எந்திரி"ங்கறாரு. முடிவு நிச்சயம்னு சொன்ன அதே வாய்தான் எந்திரின்னும் சொல்லுது. முன்பாதிய மட்டும் எடுத்துக்கிட்டு பின்பாதிய விட்டா அது கீதையே இல்ல, நம்ம சோம்பலுக்கு நாம தேடிக்கிட்ட துணை.

அடுத்தது கலிகாலம்னு அந்தப் பெரியவர் சொன்னது. கலியுகத்தோட மொத்த அளவு 4,32,000 வருசம். கி.மு. 3102ல தொடங்கிச்சுன்னு கணக்கு, அப்படின்னா அஞ்சாயிரம் சொச்சம்தான் போயிருக்கு. நாலு யுகமும் சேந்தா 43,20,000 வருசம், அதுமாதிரி ஆயிரம் தடவ சுத்தினா பிரம்மாவுக்கு ஒரு பகல், அதாவது 432 கோடி வருசம். அதே அளவு ராத்திரி. பகல்ல எல்லாம் வெளிய வருது, ராத்திரி எல்லாம் உள்ள ஒடுங்குது, திரும்ப விடியுது. இத எட்டாம் அத்தியாயத்துல சொல்லியிருக்கு. இவ்ளோ பெரிய கணக்க நம்ம முன்னோர் எதுக்குப் போட்டாங்க? இப்ப பயந்து ஓடறதுக்கா? கோயில்ல எந்தப் பூசைக்கும் முன்னாடி குருக்கள் சங்கல்பம் சொல்றாரே, காது குடுத்துக் கேளுங்க. பிரம்மாவோட ஆயுசுல ரெண்டாம் பாதி, சுவேத வராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், இருபத்தெட்டாவது கலியுகம், அதுல முதல் பாதம்னு சொல்லிட்டு, இந்த வருசம், இந்த மாசம், இந்தத் திதி, இந்த நட்சத்திரம்னு இறங்கி வந்து கடைசியில உங்க பேரு கோத்திரத்துல நிக்கும். அவ்ளோ பெரிய காலத்துல உங்க இடம் இது, இப்ப உங்க கையில இருக்கற வேலை இந்தப் பூசைன்னு சொல்லிட்டுத்தான் தண்ணிய கீழ விடறாரு. பிரளயம் வரப்போகுதேன்னு எந்தக் குருக்களும் பூசைய நிறுத்தினதில்ல.

சைவ சித்தாந்தத்துல இன்னும் ஒரு படி மேல போறாங்க. அஞ்சு தொழில்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். அஞ்சும் ஒருத்தனோட அருள்தான், அழித்தல் மட்டும் தனியா கோவத்துல செய்யற வேலை இல்ல. சிவஞான சித்தியார்ல அருணந்தி சிவம் "அழிப்பு இளைப்பாற்றல்"னு பாடியிருக்காரு. பொறந்து பொறந்து களைச்சுப் போன உயிருக்குக் குடுக்கற ஓய்வுதான் சங்காரம்ங்கறாரு. எனக்கு இத விட ஆறுதலான வாசகம் தெரியாது. அவரோட குரு மெய்கண்டார் தன் முதல் சூத்திரத்துலயே அந்தம்தான் ஆதின்னுட்டாரு, யாருகிட்ட எல்லாம் ஒடுங்குதோ அவன்கிட்ட இருந்துதான் எல்லாம் திரும்பத் தோன்றுதுன்னு.

ஐராவதி மகள்:

மாமா உங்க மேல மரியாதை உண்டு, ஆனா இதுல நான் சும்மா இருக்க முடியல. நான் டெல்டா பக்கம். 2008 மே மாசம் 2ந் தேதி ராத்திரி நர்கீஸ் புயல் அடிச்சப்போ நான் சின்னப் பொண்ணு. லபுட்டா, போகலே பக்கமெல்லாம் கடல் எந்திரிச்சு ஊருக்குள்ள வந்துச்சு. மொத்தமா செத்தவங்க காணாமப் போனவங்க 1,38,000 பேருன்னு பின்னால சொன்னாங்க. எங்க வீட்டுலயும் போனாங்க, பேரெல்லாம் இங்க எழுத விரும்பல. அதுக்கப்புறம் வந்தவங்க போனவங்க எல்லாரும் ஒரே பேச்சு, "எல்லாம் விதிம்மா", "காலச்சக்கரம்மா", "பொறந்தா சாகத்தான் வேணும்". பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா அவங்க பங்குக்கு அநெய்ஸ்ஸா, அதாவது எதுவும் நெலையில்லன்னு சொன்னாங்க. யாரும் கெட்ட மனசோட சொல்லல. ஆனா அந்தப் பேச்சு எங்கம்மாவ வாயத் தொறக்க விடாமப் பண்ணிருச்சு. அழுதா பக்குவம் இல்லாதவன்னு நெனப்பாங்களோன்னு அடக்கிக்கிட்டே இருந்தாங்க.

ஓய்வுங்கறீங்களே, மூணு வயசுப் புள்ளைக்கு என்ன களைப்பு? அதுக்கு எதுக்கு இளைப்பாறுதல்? இதுக்கு பதில் சொல்லுங்க.

சிரியம் தம்பி:

அக்கா மன்னிக்கணும், அந்த மாதிரி நெனச்சு நான் எழுதல.

மோல்மேன் மாமா:

அம்மாடி, அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல, சித்தாந்தத்துல வினை, கன்மம்னு ஒரு பதில் இருக்கு, ஆனா அத புள்ளைய இழந்த வீட்டு வாசல்ல நின்னு சொல்றவன மனுசனா நான் மதிக்க மாட்டேன். அது உயிர் தன்னத் தானே விசாரிச்சுக்கறதுக்கு சொன்னது, அடுத்தவங்க வாய அடைக்கறதுக்கு இல்ல.

ஆனா ஒண்ணு பாரு. நம்ம முன்னோர் தத்துவத்த மட்டும் குடுத்துட்டுப் போகல, அழறதுக்கு நாளும் குறிச்சுக் குடுத்திருக்காங்க. சாவு விழுந்த வீட்டுல அடுப்பு எரியாது, உறவு சனம்தான் ஆக்கிக் கொண்டாரணும், பொம்பளைங்க வட்டமா உக்காந்து மாரடிச்சு ஒப்பாரி வைப்பாங்க, அதுல எறந்தவங்க பெருமையும் வரும் வீட்டுச் சண்டையும் வரும், சாமியையே திட்டுவாங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. பதினாறாம் நாள் கருமாதி. அத்தோட விட்டாங்களா, மாசா மாசம் மாசிகம், வருசம் திரும்பினா தலைத்திவசம், அதுக்குப் பொறவுதான் போனவங்கள பித்ருக்களோட சேக்கறது. ஒரு வருசம்மா! ஏத்துக்கிறதுக்கு சாத்திரமே ஒரு முழு வருசம் குடுத்திருக்கு. நாலாம் நாளே "ஏத்துக்க, காலச்சக்கரம்"னு சொல்றவங்க சாத்திரத்த விட அவசரப்படறாங்க. உங்கம்மா அழுதிருக்கணும், அழ விட்டிருக்கணும்.

ஐராவதி மகள்:

சரிங்க மாமா. ஒப்பாரி வைக்கக்கூட எங்களுக்கு ஆள் மிஞ்சல அப்போ. உடம்பும் கெடைக்கல, கெடைக்காதவங்களுக்கு தர்ப்பையில உருவம் செஞ்சு காரியம் பண்ணலாம்னு ரொம்ப நாள் கழிச்சு ஒரு குருக்கள் சொல்லித்தான் தெரிஞ்சது, செஞ்சோம். அன்னைக்குத்தான் எங்கம்மா வாய் விட்டு அழுதாங்க. காலச்சக்கரம்னு சொன்னவங்க நூறு பேரு, ஒரு பிடி தர்ப்பை வாங்கிக் குடுத்தவரு ஒருத்தரு. எனக்கு அந்த ஒருத்தருதான் சமயம்.

இன்னொன்னும் சொல்லணும். அந்த வருசம் உப்புத் தண்ணி ஏறின வயல்ல ஒரு புல் மொளைக்காதுன்னாங்க, எருமை மாடெல்லாம் செத்துப் போச்சு, வெதை நெல்லு அடிச்சுட்டுப் போயிருச்சு. மழை கொட்டி உப்பு கொஞ்சம் கழுவினதும் எங்கெங்கயோ இருந்து வெதை வாங்கி நட்டாங்க. வெளைச்சல் சுமார்தான். ஆனா நட்டாங்க. புதுப்பிறப்பு தானா வர்றதில்ல, யாரோ வெதை கொண்டு வரணும்.

மாந்தலே டீச்சர்:

ஐராவதி மகள் சொன்னத படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உக்காந்துட்டேன். எங்க பக்கம் 2025 மார்ச் 28ந் தேதி நடுப்பகல்ல பூமி ஆடுச்சு, 7.7 அளவு, சாகாயிங்லயும் மாந்தலேயிலயும் ஃபயா (புத்தர் கோயில்), மசூதி, நம்ம கோயில்னு பாகுபாடு இல்லாம இடிஞ்சுது. பங்குனி மாசம், குரோதி வருசம் முடியப் போற நேரம். ரெண்டு வாரத்துல திஞ்ஜான், பர்மாக்காரங்க வருசப் பொறப்பு. தண்ணி ஊத்தற கொண்டாட்டம் அந்த வருசம் எங்க தெருவுல இல்ல, ஆனா வருசம் பொறந்துச்சு. நம்ம பக்கம் சித்திரை ஒண்ணு, விசுவாவசு. நானும் கோயில்ல, செங்கல்ல ஓரமா ஒதுக்கி வச்சிட்டு பஞ்சாங்கம் படிக்கறதக் கேட்டேன்.

இங்க நிறைய பேருக்கு தெரிஞ்சிருக்கும், தெரியாதவங்களுக்காக சொல்றேன், பர்மாக்காரங்க திஞ்ஜானுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. பிரம்மா ஒருத்தரு, அவரு பேரு ஆர்ஸி. அவருக்கும் தஜாமினுக்கும், அதாவது நம்ம இந்திரனுக்கும், ஒரு பந்தயம். பிரம்மா தோத்துட்டாரு, பேசினபடி தலைய வெட்டிட்டாங்க. முண்டத்துக்கு யானைத் தலைய வச்சாங்க, அவருதான் புள்ளையாரு ஆனாரு. வெட்டின தலைதான் பிரச்சன, கடல்ல போட்டா கடல் வத்திரும், மண்ணுல வச்சா மண்ணு கருகிரும், வானத்துல வீசினா வானம் பத்திக்கும். அதனால தேவகன்னிங்க முறை வச்சு ஒருத்தி மாத்தி ஒருத்தி ஒரு வருசம் கையில ஏந்தி நிக்கறாங்க. ஒருத்தி கையில இருந்து அடுத்தவ கைக்கு தலை மாறற நேரம்தான் புது வருசம்.

நான் புள்ளைங்களுக்கு இந்தக் கதைய சொல்றப்பல்லாம் நெனைக்கிறது, வருசம் சும்மா உருண்டு போறதில்ல, யாரோ ஒருத்தி பாரத்த வாங்கிக்கணும். முன்னாடி தூக்கினவளுக்கு கை வலிக்கும், அவ கீழ எறக்கி வைக்க முடியாது, அடுத்தவ வந்து கை நீட்டணும். பாலன் தம்பி கேட்ட கேள்விக்கு இது பொருந்துதுன்னு எனக்குத் தோணுது. நம்ம அறுபது வருசச் சுத்தும் அப்படித்தான், பிரபவ தொடங்கி அட்சய வரைக்கும் ஓடி திரும்ப பிரபவ, 1987ல ஒரு சுத்து தொடங்குச்சு.

புத்த சமயத்துக்காரங்க நம்மள மாதிரியேதான் சொல்றாங்கன்னு சில பேரு நெனைக்கிறாங்க, முழுசா அப்படி இல்ல. நிலையாமைங்கறது ரெண்டு பேருக்கும் பொது. ஆனா அவங்க நிலையான ஆத்மா ஒண்ணு கெடையாதும்பாங்க, நம்ம பக்கம் உடம்புதான் பழைய துணி, உடுத்தறவன் மாறலம்போம். நடைமுறையில பாத்தா ரெண்டு பேருமே செய்யறது ஒண்ணு, ஏழாம் நாள் அவங்க பொங்கிமாருக்கு, அதாவது புத்த பிட்சுங்களுக்கு, சோறு குடுப்பாங்க, நாம பதினாறுக்கு பந்தி போடுவோம். எங்க தெருவுல ரெண்டையும் செய்யற தமிழ் வீடு உண்டு.

தட்டோன் பூசாரி:

நான் பெருசா படிச்சவன் இல்ல, சின்ன வயசுல இருந்து கோயில் வேல பாக்கறேன். பாலன் தம்பியோட கேள்விக்கு பதில் கும்பாபிசேகத்துலயே இருக்கு, யாரும் அத சொல்லல, அதனால எழுதறேன்.

திருப்பணின்னா மொதல்ல என்ன பண்ணுவோம்? பாலாலயம். மூலவர்ல இருக்கற சக்திய மந்திரத்தால கும்பத்துக்கு எறக்கி, அதுல இருந்து ஒரு மரப்பலகைக்கோ படத்துக்கோ மாத்தி தனியா சின்னக் கொட்டாயில வச்சு பூசை பண்ணுவோம். அன்னையில இருந்து கருவறையில பூசை கெடையாது. வெளக்கு எரியாது. அம்மன் அங்க இல்ல. கொத்தனார் செருப்பில்லாம உள்ள போவாரு, கடப்பாறை போவும், உளி போவும். எத்தன பேரு அத பாத்து அழுதிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், நேத்து வரைக்கும் அடி எடுத்து வைக்க பயந்த எடம். யாரும் அத சாமி செத்துப் போச்சுன்னு சொல்றதில்ல. முடிவ நாமளே கையால செய்யறோம், முறையா செய்யறோம், அடுத்தது வரணும்னு செய்யறோம்.

அப்புறம் மருந்து. அஷ்டபந்தனம். எட்டு சரக்கு: கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், நற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். கொம்பரக்கும் குங்கிலியமும் கல்லு மாதிரி கெடக்கும், அத பொடிச்சு சலிச்சு மத்ததோட சேத்து வெண்ணெய் விட்டு உரல்ல போட்டு இடிக்கணும். இடிக்க இடிக்க சூடாகி எளகும், உலக்கையில ஒட்டி இழுக்கும், ஒரு ஆள் ரொம்ப நேரம் தாங்க மாட்டான், மாத்தி மாத்தி இடிக்கணும். நிறுத்தினா இறுகிரும், திரும்ப சூடு காட்டி இடிக்கணும். பதம் வந்துட்டா கையில உருட்டினா கயிறு மாதிரி நீளும், வெடிப்பு வராது. அத பீடத்துக்கும் செலைக்கும் நடுவுல சுத்தி வச்சு பெருவெரலால அழுத்திக்கிட்டே வருவோம். ரெண்டு மூணு நாள்ல கல்லாயிரும். பன்னெண்டு வருசம் தாங்கும்பாங்க.

இத கண்டுபிடிச்சவங்களுக்கு பன்னெண்டு வருசத்துக்கு மேல தாங்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சாங்க. உதிரும்னு தெரிஞ்ச ஒண்ண இவ்ளோ கஷ்டப்பட்டு இடிக்கறாங்க பாருங்க, அதுதான் ஏத்துக்கறது. தம்பி ஊர்ல மருந்து உதிர்ந்தது கோயில் முடிஞ்சதுக்கு அடையாளம் இல்ல, திரும்ப இடிக்கற நேரம் வந்ததுக்கு அடையாளம்.

கலசத்தையும் மறந்துடாதீங்க. மேல இருந்து எறக்கினா உள்ள வரகு இருக்கும். பழச எடுத்துட்டு புது வரகு நெரப்பி ஏத்துவோம். வெள்ளத்துல எல்லாம் போனாலும் வெதை கோபுர உச்சியில இருக்கட்டும்னு வச்சதா பெரியவங்க சொல்லுவாங்க. ஐராவதி மக சொன்னாங்களே வெதை யாரோ கொண்டு வரணும்னு, அத படிச்சப்போ எனக்கு கலசம்தான் ஞாபகம் வந்துச்சு.

பெகு பாலன்:

பூசாரிண்ணே, இத அப்படியே காகிதத்துல எழுதி அடுத்த கூட்டத்துல படிக்கப் போறேன். அனுமதி குடுங்க.

வியாசர்பாடி ரங்கூன்காரர்:

மெட்ராஸ்ல இருந்து எழுதறேன். எங்கப்பா அம்மா 64க்கு அப்புறம் கப்பல்ல வந்தவங்க, நான் இங்க வளந்தவன், பர்மா பசாருல அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வாசல்ல நின்னு பர்மிய பாஷை கத்துக்கிட்டவன். சிரியம் தம்பி "வடிஞ்சு போச்சு"ன்னு எழுதினத படிச்சேன். தம்பி, வடிஞ்ச தண்ணி எங்கயாவது போய் நிக்குமில்ல? அதையும் சேத்து சொல்லுங்க. மெட்ராஸ் வந்து முகாம்ல ஒட்ட முடியாம, பொறந்த மண்ணுக்கே திரும்பிப் போறோம்னு மணிப்பூர் வரைக்கும் போனவங்க இருக்காங்க. எல்லையில தடுத்துட்டாங்க. திரும்பி வரவும் மனசில்லாம அங்கயே மோரேல உக்காந்துட்டாங்க. இன்னைக்கு மோரேல அங்காள பரமேஸ்வரி கோயில் கோபுரம் நிக்குது. பர்மாவுல பீலிக்கான்ல இருக்கற தாயத்தான் அங்க கொண்டு போய் வச்சுக் கும்பிடறாங்க. அங்கயும் கலவரம், வீடு எரிஞ்சது எல்லாம் நடந்துச்சு, அது வேற கதை.

எங்கப்பாவுக்கு ரங்கூன் முடிஞ்சு போச்சுன்னு ஏத்துக்க ரொம்ப வருசம் ஆச்சு. ஆனா வந்த முதல் மாசத்துலயே அவரு வேலைக்குப் போயிட்டாரு. ஏத்துக்கிட்டதுக்கு அப்புறம்தான் எந்திரிக்கணும்னு இருந்தா நாங்க பட்டினி கெடந்திருப்போம். எந்திரிச்சு நடந்துகிட்டே ஏத்துக்கிட்டவரு அவரு. இத நான் தத்துவம் தெரிஞ்சவங்ககிட்ட கேக்கறேன், இது சரியா?

மோல்மேன் மாமா:

ரொம்பச் சரி. கர்ம யோகம்னு அதத்தான் சொல்றாங்க.

சிரியம் தம்பி:

எல்லாரும் என்னய திருத்திட்டீங்கன்னு நான் ஒத்துக்க மாட்டேன், ஒரு விசயத்துல நான் சொன்னதுல நிக்கறேன். எல்லா கோயிலையும் எல்லா காலத்துக்கும் காப்பாத்த முடியாது. எங்க பக்கத்துல ஒரு முனீஸ்வரன் மேடை, கும்பிட ஒரு வீடு கூட இல்ல, எல்லாம் மாறிப் போயிட்டாங்க. அங்க போய் கும்பாபிசேகம் பண்ணணும்னு சொல்றதும் பிடிவாதம்தானே. முளைப்பாரிய பாருங்க, வெயில் படாத அறையில வச்சு பாட்டு பாடி கும்மி கொட்டி வளக்கறோம், தலையில சுமந்து ஊர சுத்தி வர்றோம், கடைசியில ஆத்துல கொண்டு போய் கரைக்கறோம். இவ்ளோ ஆசையா வளத்தத வீட்டுல வச்சுக்கறது இல்லையே. விடவும் தெரியணும்.

மாந்தலே டீச்சர்:

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா முளைப்பாரிய கரைக்கறது கும்மி கொட்டினதுக்கு அப்புறம். பாதியில பட்டுப் போச்சுன்னு குப்பையில கொட்டறது இல்ல. முனீஸ்வரன் மேடைய விடறதா இருந்தா கடைசியா ஒரு பொங்கல் வச்சு, பக்கத்து கோயிலுக்கு பிடி மண்ணு எடுத்துட்டுப் போய், முறையா விடுங்க. எங்க தாத்தாமாரு ஊர்ல இருந்து பிடி மண்ணு கொண்டாந்துதானே இங்க பாதிக் கோயில் கட்டினாங்க.

சிரியம் தம்பி:

அது செய்யலாம் டீச்சர். ஆடியில ஆள் திரட்டிப் பாக்கறேன்.

பெகு பாலன்:

பூசாரிண்ணே இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க கோயில்ல பழைய பலிபீடம் ஒண்ணு குறுக்க விரிசல் விட்டிருக்கு, அத பசை போட்டு ஒட்டலாமா? மர வாகனம் ஒண்ணு, சிங்கம், கரையான் அரிச்சுப் போச்சு. பித்தளை திருவாசியும் ஒடிஞ்சு கெடக்கு. இதெல்லாம் பழசுன்னு பழைய சாமான்காரனுக்கு போடலாம்னு ஒருத்தரு சொன்னாரு, எனக்கு மனசு வரல.

தட்டோன் பூசாரி:

போடக்கூடாது. ஜீர்ணோத்தாரணத்துக்கு, அதாவது பழுதானத எடுத்துட்டு புதுசு பண்றதுக்கு, முறை இருக்கு. கல்லு பின்னமாயிட்டா ஆழமான தண்ணியில விடணும், ஒட்டு போட்டு திரும்ப வைக்கக் கூடாது. மரத்த அக்கினிக்கு குடுக்கணும், யாகசாலைக்குப் பக்கத்துல தனியா ஒரு குண்டம் வச்சு செஞ்சுடலாம். உலோகம் மட்டும் உருக்கி திரும்ப அதே சாமிக்கே ஏதாவது வார்க்கலாம், வீட்டுச் சாமானுக்கு போகக் கூடாது. கோபுரத்துல இருந்து கொத்தி எடுக்கற பழைய சுதைய கால் படற எடத்துல கொட்டாதீங்க, பலிபீடத்தோடவே ஆத்துல சேத்துடுங்க. எல்லாத்துக்கும் முன்னாடி கலாகர்ஷணம் ஆகியிருக்கணும், சக்திய எறக்காம உளி வைக்க விடாதீங்க, கொத்தனார் அவசரப்படுத்துவாரு. முடிஞ்சதும் நாப்பத்தெட்டு நாள் மண்டலாபிசேகம், அதுக்கு ஆள் இருக்கான்னு இப்பவே பாத்து வச்சுக்கங்க.

சரக்கு மெட்ராஸ்ல இருந்து வரணும், வியாசர்பாடிக்காரரு ஒத்தாசை பண்ணா நல்லது. எருமை வெண்ணெய் மட்டும் இங்கதான் தேடணும், ரங்கூன்ல கேட்டா பசு வெண்ணெய எருமைன்னு சொல்லி வித்துடறாங்க, அதுல மருந்து பதம் வராது.

வியாசர்பாடி ரங்கூன்காரர்:

சரக்கு லிஸ்ட் அனுப்புங்க, கொம்பரக்கு நல்லதா பாத்து வாங்கித் தர்றேன். தெரிஞ்சவங்க யாராவது வர்றப்போ குடுத்து விடறேன், காசு பேச்சு வேண்டாம்.

ஐராவதி மகள்:

எருமை வெண்ணெய் எங்க பக்கம் கெடைக்கும். எங்க சித்தப்பா வீட்டுல ரெண்டு கறவை எருமை நிக்குது. எத்தன கிலோ வேணும், எந்த மாசம் வேணும்னு மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க, மழைக்காலத்துல படகு ஓடாது.

தட்டோன் பூசாரி:

அம்மா மத்த சரக்கு வந்து எடை போட்ட பொறகுதான் அளவு சொல்ல முடியும். தை மாசம்னு வச்சுக்கங்க. உப்பு சேக்காம அனுப்பச் சொல்லுங்க.